நனைந்த நெல்லுக்கு மழையா பொறுப்பு?

ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பது தஞ்சைத் தரணியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சர்க்காருக்கு மட்டும் அது ஆண்டுதோறும் திடீர்ச் செய்தி! 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலிலே நனைந்து முளைவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள். “இயற்கையின் சீற்றம்” என்று பழியை வானத்தின் மீது போட்டார்கள்.

இயற்கையா குற்றவாளி? விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

நெல் உயிருள்ள தானியம். மூட்டைக்குள்ளும் அது மூச்சு விடுகிறது. ஈரம் மிகுந்தால் மூச்சு வேகமாகும், சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும். நெடுநாள் கெடாமல் இருக்க ஈரப்பதம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். கொள்முதலுக்கு மத்திய சர்க்கார் விதித்த வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அறுத்த நெல் இந்த வரம்புக்குள் எப்படி வரும்? 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று மாநில சர்க்கார் டில்லிக்குக் கடிதம் எழுதுகிறது. வரம்பைத் தளர்த்தினால் விவசாயிக்கு அன்றைய கஷ்டம் தீரும். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் வரம்பைத் தளர்த்தினால் நெல்லின் ஈரம் காய்ந்துவிடுமா? காயவைக்க இயந்திரம் வேண்டும். வைக்கக் கூரை வேண்டும். ஆலைக்கு ஏற்றிச்செல்ல நேரத்தில் லாரி வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில், தார்ப்பாய் ஒன்றே சர்க்காரின் கொள்கையாகிவிடுகிறது!

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது எங்கே? தஞ்சாவூரில்! அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அதே தஞ்சையில் நெல் இன்னும் வானம் பார்த்துக் கிடக்கிறது.

2010 ஆகஸ்டில், கிடங்குகளில் அழுகும் தானியத்தைப் பசித்தவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று உச்சநீதிமன்றம் கூறியது. டில்லி மந்திரிகள் என்ன பதில் சொன்னார்கள்? அது சாத்தியமில்லை, கொள்கை விஷயத்தில் நீதிமன்றம் தலையிடலாகாது என்றார்கள். அழுகவிடலாம், கொடுக்கலாகாது! இதுதான் அவர்களுடைய பொருளாதார சாஸ்திரம்.

“பொதுத்துறைக்குத் திறமை இல்லை, கிடங்குகளைத் தனியாரிடம் விடுங்கள்” என்கிறார்கள் சிலர். விட்ட கதையையும் பார்ப்போம். 2008ஆம் ஆண்டுத் திட்டப்படி தனியார் கிடங்கு கட்டினால், உணவுக் கழகம் 10 ஆண்டு வாடகைக்கு உத்தரவாதம் தருகிறது. இடம் காலியாகக் கிடந்தாலும் வாடகை உண்டு. நஷ்ட பயமே இல்லாத இந்த முதலாளித் துணிச்சலை என்னென்று புகழ்வது! பத்தாண்டு வாடகை கொடுக்கப் பணம் உண்டு. அதே பணத்தைக் கொண்டு சொந்தக் கிடங்கு கட்டினால் மட்டும் கஜானா காலியாகிவிடுமா?

நெல் கெட்டால் தண்டனை யாருக்கு? கூரை போடாத மந்திரிக்கா? லாரி அனுப்பாத ஒப்பந்தக்காரருக்கா? இல்லை. எடை குறைந்தது என்று பருவகாலப் பட்டியல் எழுத்தரின் கழுத்தில் கை வைக்கிறார்கள். காய்ந்த நெல் எடை குறையத்தான் செய்யும். நீர் ஆவியானதற்கு ஏழைச் சிப்பந்தி ஈடு கட்டவேண்டுமாம்!

சுமைப்பணித் தொழிலாளியைப் பாருங்கள். மூட்டை 40 கிலோ. ஒரு டன்னுக்கு 25 மூட்டை. பத்து டன் ஏற்றினால் 250 முறை முதுகு வளைகிறது. அட்டி உயர உயர, பலகை மேல் ஏறி நடக்கிறான். அட்டி சரிந்தால் அவன் அடியில். பூச்சி ஒழிக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவைக் கக்குகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. முகமூடியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல், காற்றோட்டம் விடாமல், அந்தக் கிடங்கில் மனிதனை இறக்குவது வேலை வாங்குவதல்ல, கொலைக்குச் சமம்.

கிடங்கு நிர்வாகம் மந்திர வித்தை அல்ல. தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டத்தின் மேல் அட்டி போடவேண்டும். சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்க வழி விடவேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும். இவை எந்தத் தொழிலாளியும் சொல்லக்கூடிய பாடங்கள். அவனிடம் கேட்பாரில்லை என்பதே குறை.

எனவே நாம் கோருவது இவை: மழைக்கு முன் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திற்கும் கூரையும் களமும் வேண்டும், வட்டாரந்தோறும் உலர்த்தும் இயந்திரம் வேண்டும், சொந்தப் பொதுக் கிடங்குகள் வேண்டும், இயற்கையான எடைக்குறைவுக்குச் சிப்பந்திகளிடம் பிடித்தம் செய்வது ஒழிய வேண்டும், சுமைப்பணியாளருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புச் சாதனமும் வேண்டும், தொழிலாளரும் விவசாயிகளும் இடம்பெறும் மேற்பார்வைக் குழு கிடங்குதோறும் வேண்டும்.

விளைவித்தவனும் சுமந்தவனும் ஒன்றுசேர்ந்து கேட்டால் இவை கிடைக்கும். அடுத்த ஐப்பசி வரும்; மழையும் வரும். அதற்கு முன் கூரை வரவேண்டும்!