கேட்காமல் வந்த முதுசம்

ஜாவாவில் ஒரு வெறும் கிளாஸ் எழுதுங்கோ. உள்ளே ஒரு வரிகூட வேண்டாம். எழுதின உடனேயே 'ஒப்ஜெக்ட்' என்ற பொது மூதாதையிடமிருந்து 11 மெதட்டுகள் அதுக்கு முதுசமாக வந்துவிடும். நீங்கள் கேட்கவில்லை, வேண்டாமென்று சொல்லவும் ஏலாது. இதை ஒரு வசதி என்றுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை. எனக்கென்றால் அதில் பாதிக்குமேல் சுமை.

மூதாதை தேவைப்பட்டதுக்குக் காரணம் இருக்கு. 2004இல் ஜெனரிக்ஸ் வரும்வரை, ஒரு லிஸ்டுக்குள் எதையும் போட்டுவைக்க எல்லாத்துக்கும் பொதுவான ஒரு வகை வேண்டியிருந்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை, கூடவே கட்டிவிட்ட சாமான்களோடுதான்.

ஒரு நிவாரணப் பட்டியலை எடுப்பம். 'ஆள்' என்று ஒரு கிளாஸ். ஒருவர் பழைய அடையாள அட்டையோடு பதிகிறார்: 9 இலக்கமும் 'வி' எழுத்தும். பிறகு 2016க்குப் பின் வந்த புது இலக்கத்தோடும் பதிகிறார்: 12 இலக்கம். ஒரே மனுசர். ஆனால் முதுசமாக வந்த ஈக்குவல்ஸ் பார்ப்பது ஒன்றைத்தான்: இரண்டும் மெமரியில் ஒரே ஒப்ஜெக்டா? அதனால் பழைய இலக்கத்தைப் புது வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுகிற ஈக்குவல்ஸை நாங்களே எழுதுகிறோம். சோதித்தால் 'உண்மை' என்று வருது. சந்தோசம்.

இரண்டையும் ஒரு ஹாஷ்செட்டில் போட்டுப் பாருங்கோ. அநேகமாக எப்பவும் இரண்டு ஆள் என்றுதான் காட்டும். ஏனென்றால் ஹாஷ்கோட் இன்னும் பழைய முதுசம்தான். இரண்டுக்கும் வெவ்வேறு எண் வந்தால், நாங்கள் கஷ்டப்பட்டு எழுதின ஈக்குவல்ஸை ஹாஷ்செட் கூப்பிடவே கூப்பிடாது. பிழைச்செய்தி இல்லை, புரோகிராம் நிற்கவும் இல்லை. ஒருவருக்கு இரண்டு பொதி போகும். வரிசையின் கடைசியில் நிற்கிறவருக்குக் கணக்குத் தட்டும்.

பைதனிலும் 'ஒப்ஜெக்ட்' என்று ஒரு மூதாதை இருக்கு. ஆனால் பைதன் 3இல் நீங்கள் சமன் பார்க்கிற மெதட்டை மட்டும் எழுதினால், ஹாஷ் முதுசத்தை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். செட்டில் போடப் போனால் அந்த இடத்திலேயே பிழை என்று கத்தும். கத்துறதுதான் நல்லது. சரிபோலத் தெரிகிற ஒரு பிழையான விடையைவிட, விடையே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

மிச்ச முதுசமும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைனலைஸைப் பாவிக்க வேண்டாமென்று 2017இல் ஜாவா 9 சொன்னது. அகற்றப்படும் என்று 2022இல் ஜாவா 18 குறித்துவைத்தது. வெயிட், நோட்டிஃபை எல்லாம் திரெட்டுகளுக்கானவை. ஒரு 'ஆள்'இடம் அதுகளுக்கு என்ன வேலை? கோட்லின்காரர் தங்கட மூதாதைக்கு மூன்றே மூன்று மெதட்டுகளோடு நிப்பாட்டினவை.

ஜாவாவும் பிந்தித்தான் விளங்கிக்கொண்டது. 2021இல் ஜாவா 16இல் நிலையான அம்சமாக வந்த ரெக்கோர்ட், ஈக்குவல்ஸையும் ஹாஷ்கோட்டையும் சோடியாகவே எழுதித் தரும். 'ஆள்' ஒரு ரெக்கோர்டாக இருந்து, இலக்கத்தை உள்ளே எடுக்கும்போதே புது வடிவத்துக்கு மாற்றிவிட்டால், மேலே சொன்ன சிக்கலே வராது. (படிக்கிற காலத்தில் எங்களுக்கு இதை யாரும் காட்டவில்லை.)

நேர்முகத்தேர்வுகளில் இன்னும் அந்த 11 மெதட்டுகளின் பெயரைத்தான் ஒப்புவிக்கக் கேட்கினம். பட்டியலில் ஏன் இரண்டு ஆள் என்று என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.