முழுத்தொகையை முன்கூட்டியே வாங்க விடலாமா?

ஹாலிடே கிளப்புகளில் உறுப்பினர் சேர்க்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். வணிக வளாகத்தில் குலுக்கல் சீட்டு நிரப்பியவரைப் பரிசு விழுந்ததாகச் சொல்லி, கணவன் மனைவியாக ஓட்டலுக்கு வரச் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் பேசி, இன்றே கையெழுத்திட்டால்தான் சலுகை என்கிறார்கள். பல ஆண்டுகளுக்கான கட்டணம் லட்சக்கணக்கில் அன்றைக்கே கைமாறுகிறது. பிறகு கோடை விடுமுறைக்கு அறை கேட்டால் காலி இல்லை என்ற பதில்; ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் ‘அறை இருப்பைப் பொறுத்து’ என்றுதான் இருக்கிறது. அறை கிடைக்காத ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. விற்பனையாளரின் பொய்யைவிடப் பெரிய கோளாறு இங்கே பணம் கைமாறும் முறையில் இருக்கிறது. முழுத்தொகையும் வந்து சேர்ந்த பிறகு, சொன்னதைச் செய்ய நிறுவனத்துக்கு நெருக்கடி எதுவும் இல்லை. நிறுத்திவைக்க உறுப்பினர் கையில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடான சேவைக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்தப் பொடி எழுத்து நிபந்தனையையே செல்லாது என்று அறிவிக்க வேண்டுமானால் மாவட்ட ஆணையம் போதாது. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில ஆணையமோ தேசிய ஆணையமோதான் விசாரிக்க முடியும். இரண்டு லட்சம் கட்டி ஏமாந்தவர் அதற்காக மாநில ஆணையத்தின் படியேற வேண்டும் என்பது கொடுமை. வழக்கு முடிவதற்குள் நிறுவனம் திவாலாகிவிட்டால், கையில் இருக்கும் தீர்ப்பை வைத்து என்ன செய்வது?

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இந்தக் கோளாறை வேரிலேயே பிடித்தது. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. தங்குமிடச் சலுகை தரும் நீண்டகாலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு ஒரு சமத் தவணையாகவே வசூலிக்க வேண்டும்; இரண்டாம் தவணையிலிருந்து அபராதமின்றி வெளியேறலாம். நமக்கும் தேவை இதுவே. முழுத்தொகையை முன்கூட்டியே வாங்கும் ஜிம்முக்கும் பயிற்சி மையத்துக்கும்கூட இது பொருந்தும்.

மொத்தமாகப் பணம் வராவிட்டால் விடுதி கட்டுவது எப்படி என்று நிறுவனங்கள் கேட்கலாம். முதலீடு திரட்ட வங்கியும் பங்குதாரர்களும் இருக்கிறார்கள். உறுப்பினருக்கோ வட்டியும் இல்லை, பங்கும் இல்லை. வீடு வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. அதன் பிறகும் வீடுகள் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. படித்துப் பார்த்துத்தானே கையெழுத்திட்டார்கள் என்ற வாதமும் நிற்காது. ஒரு வரியைக்கூட மாற்றக் கேட்க முடியாத அச்சடித்த ஒப்பந்தம் அது. தவணை முறையில் கட்டணம் சற்றுக் கூடும் என்பது மட்டும் உண்மை. வேண்டாதபோது விலகும் உரிமைக்காக அதைக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே முழுத்தொகை கட்டியவர்களுக்குத் தவணை விதி உதவாது. ஆனால் அவர்களைப் போல ஒரே குறை உள்ள பலருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் புகாரை விசாரிக்கும் மாவட்ட ஆணையமே ஒப்பந்த நிபந்தனையையும் ரத்து செய்யும்படி சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.