கோழி பிடித்த நாயை அடித்தால் திருந்துமா?

திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் கொஞ்சம் பருத்தியும். காட்டுப்பன்றித் தொல்லைக்காக ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு கன்னி கலப்புக் குட்டியை வாங்கி வந்தார். நாய் நன்றாகத்தான் வளர்ந்தது. இரவில் தோட்டத்தைச் சுற்றி வருகிறது, பன்றி வாடை பட்டாலே குரைக்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் வீட்டு நாட்டுக்கோழிகளில் மூன்றைக் கொன்றுவிட்டது. வாசகரின் அப்பா ஊர் வழக்கப்படி செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, வேப்பங்கம்பால் விளாசியிருக்கிறார். மூன்று முறையும் அதே வைத்தியம்தான். இப்போது பெரியவரைக் கண்டாலே நாய் நின்ற இடத்தில் சிறுநீர் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறது. போன மாதம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போன நான்கு வயதுப் பையனின் கையில் பல் பதித்தும்விட்டது. "இவ்வளவு அடித்தும் புத்தி வரவில்லை. செய்த தப்பு தெரிந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது, ஆனால் திரும்பவும் செய்கிறது. எங்காவது சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

முதலில் பையனைப் பற்றி. நாய்ப்பல் பட்டால், அது வளர்ப்பு நாயாக இருந்தாலும், கீறல் சின்னதாக இருந்தாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே ஆரம்ப சுகாதார நிலையம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. கடித்து ஒரு மாதமாகியும் நாய் நலமாக இருப்பது நல்ல செய்திதான். ஆனாலும் தடுப்பூசி போட்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. போடவில்லையென்றால் பையனை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுவதே சரி. நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்டாக வேண்டும்.

அடுத்தது சந்தைப் பக்கம் விடுகிற யோசனை. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். கைக்குப் பயந்து, ஒரு முறை கடித்தும் பழகிய நாயைத் தெரியாத ஊரில் விட்டால், அது அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும்.

இப்போது அடியைப் பற்றிப் பேசலாம். அறுவடை முடிந்த வயலில் யாரும் பூச்சிமருந்து அடிப்பதில்லை. கோழி செத்து அரை மணி நேரம் கழித்து நாயை அடிப்பதும் அந்த வகையான வேலைதான். தான் செய்கிற செயலையும் அதற்குக் கிடைக்கிற பலனையும் நாய் சேர்த்துப் பார்ப்பது ஓரிரண்டு விநாடி இடைவெளிக்குள்தான். கோழியைப் பிடித்த நேரத்தில் அதற்குக் கிடைத்தது சந்தோஷம். பெரியவர் வந்த நேரத்தில் கிடைத்தது அடி. ஆகவே அது கற்றுக்கொண்ட பாடம், "கோழி ஆபத்தில்லை, பெரியவர்தான் ஆபத்து" என்பது. பெரியவரைக் கண்டு சிறுநீர் விடுவது அந்தப் பாடம் நன்றாகப் பதிந்ததற்கு அடையாளம். கழுத்தில் கட்டிய கோழியால் நாற்றமும் ஈயும் புழுவும் வருவதைத் தவிர வேறு பலன் கிடையாது.

தப்பு தெரிந்து தலை குனிகிறது என்கிறாரே? அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை நாயின் முன்னால் வைத்துவிட்டு உரிமையாளரை வெளியே அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் சில தடவை உள்ளதையும் சில தடவை பொய்யையும் சொன்னார்கள். தின்ன நாயும் சரி, தின்னாத நாயும் சரி, திட்டு வாங்கியபோதுதான் அந்தக் குற்ற முகத்தை அதிகமாகக் காட்டின. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாயும் தலையைக் குனிந்தது. அந்தக் குனிவுக்கு அர்த்தம், "கோபமாக இருக்கிறீர்கள், என்னை விட்டுவிடுங்கள்" என்பது மட்டுமே.

அடிக்கு இன்னொரு கேடும் உண்டு. நாய் கடிப்பதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன: சாப்பிடுவதை நிறுத்தி உடம்பை விறைத்துக்கொள்ளும், கடைக்கண்ணால் வெள்ளை விழி தெரியப் பார்க்கும், உதட்டைத் தூக்கும், உறுமும். உறுமினால் நாம் என்ன செய்கிறோம்? "என்னையே உறுமுகிறாயா" என்று இன்னொரு அடி. நாலைந்து தடவை அப்படி நடந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். வீட்டில் எல்லோரும் திருந்திவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் எச்சரிக்கை மணியைத்தான் கழற்றி வைத்திருக்கிறோம். சத்தமே காட்டாமல் திடீரென்று கடித்தது என்று சொல்லப்படும் பல நாய்களின் கதை இதுவாகத்தான் இருக்கும். உறுமுகிற நாய்க்கு நன்றி சொல்லிவிட்டு விலகிப் போவதே புத்திசாலித்தனம்.

'நாம்தான் தலைவன் என்று காட்டவில்லையென்றால் நாய் ஏறி மிதிக்கும்' என்று சொல்கிறவர்கள் நகரத்திலும் உண்டு, கிராமத்திலும் உண்டு. இந்தக் கருத்துக்கு மூலம் ஓநாய் ஆராய்ச்சி. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல், உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. அடைபட்ட இடத்தில் அவை சண்டை போட்டுத் தலைமையைப் பிடித்தன. அந்தக் கருத்தை 1970இல் வந்த தம் புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பிறகு காட்டு ஓநாய்களைப் பல வருடம் கூடவே இருந்து கவனித்தார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற ஒரு குடும்பம்தான், அடிதடித் தலைவன் என்ற பேச்சு அங்கே பொருந்தாது என்று 1999இல் அவரே எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததை, பல ஆயிரம் வருடமாக மனிதனோடு வாழும் நாயின் மேல் ஏற்றுவது வீண்.

பெரியவர் 'அடியாத மாடு படியாது' என்பார். ஆனால் காளைக்கன்றை ஏருக்குப் பழக்கிய பழைய ஆட்களைக் கேட்டுப் பார்த்தால் வேறு கதை சொல்வார்கள். பழகிய காளையோடு ஜோடி சேர்த்து, முதலில் வெறும் நுகத்தடி, பிறகு லேசான கட்டை, வேலை முடிந்ததும் ஒரு கை பருத்திக்கொட்டை என்றுதான் பழக்கினார்கள். தார்க்குச்சி கையில் இருந்திருக்கலாம். மாட்டைப் பழக்கியது அந்தப் பருத்திக்கொட்டை.

இனி திருச்சுழி நாய்க்கு என்ன செய்வது என்று பார்க்கலாம். பயிற்சிக்கு முன்பு கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்ட வேண்டும். குடல்புழு, காதுப்புண், உண்ணி, அடிபட்ட இடத்து வலி என்று ஏதாவது இருந்தால் எந்த நாயும் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும். பசியோடு இருக்கிற நாயும் அப்படித்தான். தோட்ட நாய்க்கு ஒரு வேளை மீந்த சோறு போதும் என்று நினைப்பது தவறு.

கோழியைத் தனியாகத் துரத்துகிற வாய்ப்பு இனி ஒரு முறைகூட நாய்க்குக் கிடைக்கக் கூடாது. ஒவ்வொரு துரத்தலும் அதற்கு ஒரு பரிசு. பத்து நாள் பயிற்சியை ஒரு துரத்தல் அழித்துவிடும். எனவே கோழி மேய்கிற பக்கம் வலையடைப்பு, அல்லது நாய்க்கு நிழலும் தண்ணீரும் உள்ள அடைப்பு. குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது இதற்கு மாற்று ஆகாது. கட்டியே கிடக்கும் நாய் கடிநாயாகிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு அதையும் சொல்கிறது.

கூலி என்ன கொடுக்கலாம்? சோற்றுக்கு மயங்காத நாயும் அவித்த கோழி ஈரலுக்கு மயங்கும். அவித்த முட்டையும் நல்லது. நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒரு சொல்லையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். "சபாஷ்" என்றால் சபாஷ்தான், வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் வேறு எதுவும் வேண்டாம்: சபாஷ் என்று சொல்வது, உடனே ஒரு துண்டு கொடுப்பது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாய் கையைப் பார்த்தால் சொல் பதிந்துவிட்டது என்று பொருள்.

அதற்குப் பிறகு பெயர். பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் சபாஷ், ஒரு துண்டு. அடுத்து, தூரத்திலிருந்து கூப்பிட்டால் வருவது. கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் திட்டக் கூடாது, கட்டிப்போடுவதற்காக மட்டும் கூப்பிடவும் கூடாது. வருவதே நஷ்டம் என்று அதற்குத் தோன்றிவிடும்.

ஒரு வாரத்தில் இவை வந்துவிட்டால் கோழிக்குப் போகலாம். கோழிகள் வலைக்குள் இருக்கட்டும். நாயின் மார்புப்பட்டையில் 15 அடி நூல்கயிறு கட்டி, 50 அடி தள்ளி நிற்க வேண்டும். நாய் கோழியைப் பார்க்கும். காத்திருந்தால் ஒரு கணம் திரும்பி ஆளைப் பார்க்கும். அந்தக் கணத்தில் சபாஷ், ஈரல் துண்டு. கயிறு முறுக்கேறி, நாய் பார்வையை எடுக்காமல் விறைத்து நின்றால் தூரம் போதவில்லை என்று அர்த்தம்; இன்னும் பத்தடி பின்னால் வர வேண்டியதுதான். கயிற்றைச் சுண்டி இழுக்கவோ அதட்டவோ தேவையில்லை. தினமும் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஐந்தடி நெருங்கலாம். கோழியைக் கண்டதும் தானாகவே ஆளைத் திரும்பிப் பார்க்கிற நிலை வரும்போது பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாதிதான். கன்னியும் சிப்பிப்பாறையும் தலைமுறை தலைமுறையாக ஓடுவதைத் துரத்துவதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. படபடவென்று ஓடும் கோழி அந்த ரத்தத்தைக் கிளப்பிவிடும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது கோழியை விட்டு வைக்கிற நாயாக இதை மாற்றலாம். ஆள் இல்லாதபோது கோழிகளோடு விட்டுப் போகிற நாயாக இது ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரவில் கோழி கூட்டுக்குள், நாய் தோட்டத்தில். பகலில் நாய் அடைப்புக்குள், கோழி வெளியில். பன்றிக் காவலுக்கு அது போதுமே.

சோற்றுத் தட்டு விஷயம் இதைவிட முக்கியம். இன்றிலிருந்து நாய் சாப்பிடும் நேரத்தில் பையன் வீட்டுக்குள், கதவு சாத்தி. பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும், அதிலும் வாசகரே ஆரம்பிப்பது நல்லது. நாய் தட்டில் சாப்பிடும்போது, அது உடம்பை விறைக்காத தூரத்தில் நடந்துபோய், ஈரல் துண்டு ஒன்றைத் தட்டை நோக்கி வீசிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். தட்டைத் தொடக் கூடாது, நின்று பார்க்கவும் கூடாது. ஆள் வந்தால் சோறு போகிறது என்ற நினைப்பு, ஆள் வந்தால் ஈரல் வருகிறது என்று மெதுவாக மாறும். நாய் தலை தூக்கி வாலாட்டி எதிர்பார்க்கிற வரைக்கும் அடுத்த அடி நெருங்க வேண்டாம். நாய் நன்றாகப் பழகிய பிறகும் நான்கு வயதுப் பிள்ளையை அதன் தட்டுப் பக்கமோ, தூங்குகிற நாயின் பக்கமோ தனியாக விடக் கூடாது.

பெரியவருக்கும் ஒரு வேலை உண்டு. கம்பு இல்லாமல், நாயை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் திண்ணையில் உட்கார்ந்து, தினமும் நாலு துண்டு முட்டையைத் தள்ளிப் போட்டால் போதும். கூப்பிட வேண்டாம், தடவ வேண்டாம். நாய் எப்போது வருகிறதோ அப்போது வரட்டும். ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

இந்த இதழுக்கு வந்த இன்னொரு கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஒருவர், ஆட்டுப்பட்டிக்கு நாய்க்குட்டி வாங்கப் போகிறார், 30 நாள் குட்டியைக் கொடுக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். 8 வாரம் தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்தால்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். அதேசமயம் ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைத்தான் குட்டி தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர் 1970களின் பிற்பகுதியில் இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியா நாடுகளின் ஆட்டுக்காவல் நாய்களை வரவழைத்துச் செய்து காட்டியதும் இதைத்தான்: குட்டியிலேயே ஆடுகளோடு வளர்ந்த நாய் ஆட்டைத் துரத்தாமல் காவல் காக்கும். ஆகவே 8 வாரம் முடிந்ததும் குட்டியை நேரே பட்டிக்குக் கொண்டுபோய், ஆடுகள் தெரியும்படி, ஆனால் கிடா முட்டாதபடி ஒரு கம்பி மூலையில் வைக்க வேண்டும். ஆட்டுக்குட்டியோடு விளையாட்டாகத் துரத்த ஆரம்பித்தால் அடிக்காமல் தூக்கி மூலையில் விட்டுவிட்டு, கடிக்க ஒரு பழைய கயிற்றுத் துண்டைக் கொடுக்கலாம். பால்பல் விழுகிற 4 முதல் 6 மாதம் வரை எதைக் கண்டாலும் கடிக்கத்தான் செய்யும். செருப்பை மேலே எடுத்து வைப்பது நம் வேலை.