வால்வுக்கு எத்தனை இதழ்? எக்கோ ரிப்போர்ட்டில் எழுதக் கூடாதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... எங்கே திரும்பினாலும் ஸ்கேன் சென்டர் போர்டு! "எக்கோ எடுத்தாச்சு, நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்து விடுகிறார்கள். வால்வு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. அதற்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். சுமார் நூற்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். மிக மிக அபூர்வமாகச் சிலருக்கு நான்கு!

கப்பல் பட்டறைக் கருவி

நான்கு இதழ் வால்வை அந்தக் காலத்தில் பிரேதப் பரிசோதனையிலோ, ஆபரேஷன் மேஜையிலோதான் கண்டார்கள். 1953-ல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர், கப்பல் பட்டறையில் உலோகத்தில் விரிசல் பார்க்கும் ஒலி அலைக் கருவியை இரவல் வாங்கி இருதயத்தைப் பார்த்தார்கள். எக்கோ பிறந்தது அப்படித்தான்.

இன்று மூடிய வால்வு திரையிலேயே தெரிகிறது. மூன்று இதழ் என்றால் பென்ஸ் கார் சின்னம் மாதிரி. நான்கு என்றால் பெருக்கல் குறி மாதிரி!

இளமையில் இந்தக் கோளாறு பெரும்பாலும் வெளியே தெரியாது. வயது ஏறியதும் வால்வு கசியலாம், சுருங்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "ஈ.சி.ஜி. நல்லாத்தானே இருக்கு" என்று தைரியமாக இருப்பதும் தப்பு. ஈ.சி.ஜி. மின்னோட்டத்தைக் காட்டும், இதழை எண்ணாது.

வீட்டுக்குச் சொல்லுங்கள்

இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. எனவே அப்பாவுக்கு அந்தக் குறை இருந்தால், அவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஒரு முறை எக்கோ பார்த்துக் கொள்வது நல்லது. அவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது இதை வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. காகிதத்தில் தமிழில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகி விடும்?

ஊரில் உள்ள எல்லோரும் எக்கோவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்து "சத்தம் கேட்குது" என்றாலோ, குடும்பத்தில் இந்தக் குறை இருந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். வசதி இல்லாதவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் இருதயப் பிரிவு இருக்கிறது.

எக்கோ எடுப்பவர்களும் "வால்வு நார்மல்" என்று இரண்டே வார்த்தையில் முடிக்க வேண்டாம். இதழ் மூன்றா, இரண்டா, நான்கா என்று எழுதட்டும். சரியாகத் தெரியவில்லை என்றால் அதையும் எழுதட்டும். காசு கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு சேர வேண்டாமா?