கட்டளைக்குப் பணிவதை ஏற்பு என்று அளக்கலாமா?

போக்குவரத்துக் காவலர் இ-சலான் கருவியை ஏற்பதற்கான காரணிகள் எவை என்று கேட்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன: பயன் பற்றிய எண்ணம், எளிமை பற்றிய எண்ணம், ஐந்து புள்ளி அளவுகோல், இறுதியில் ‘ஏற்பு மிகுதி’. இந்த விடை கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது.

ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, கருவியை எடுக்கவும் விடவும் உரிமையுள்ள பயனரையே மனத்தில் கொண்டது. 2003இல் வெங்கடேஷ் குழுவினர் அதை விரித்தபோது, பயன்பாடு விருப்பத்தின்பேரிலா கட்டாயத்தின்பேரிலா என்பதைத் தனி மாறியாகவே வைத்தனர். பிறரது எதிர்பார்ப்பு ஒருவரின் முடிவைப் பாதிப்பது கட்டாயச் சூழலில்தான் என்றும் கண்டனர். காவலருக்கு இ-சலான் கட்டளை. அந்த மாறியை வெட்டிவிட்டு மாதிரியை மட்டும் கடன்வாங்கினால் அளக்கப்படுவது கீழ்ப்படிதலே. மேலதிகாரி வழியாக வரும் வினாத்தாளில் ‘ஏற்கவில்லை’ என்று எந்தக் காவலர் குறிப்பார்?

நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையை ஒட்டிய செங்கலைப் பார்க்கலாம். 1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, இப்பகுதி கேரளத்தில் நின்றது. சாலைகள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. பாறசாலையின் கே.எல்.19 வண்டியும் மார்த்தாண்டத்தின் டி.என்.75 வண்டியும் இங்கே கலந்தே ஓடுகின்றன. இரண்டின் உரிமையாளரையும் ‘வாஹன்’ தரவுத்தளம் காட்டிவிடும். தலைக்கவசமின்றி வந்த கூலித் தொழிலாளியை எச்சரித்து அனுப்புவதா, அபராதம் விதிப்பதா என்பதை அது காட்டாது.

களப்பணியாளரின் இந்தத் தன்விருப்ப அதிகாரத்தை மைக்கேல் லிப்ஸ்கி 1980இலேயே ஆய்ந்து காட்டினார். இரக்கம், கையூட்டு இரண்டுக்கும் அதுவே வாசல். நேரமும் இடமும் பதிவாகும் கருவி அந்த வாசலைக் குறுக்குகிறது. கருவியை வெறுக்கும் காவலர் எதை இழந்ததற்காக வெறுக்கிறார்? ‘எளிமை பற்றிய எண்ணம்’ இதைப் பிரித்துச் சொல்லாது. அவ்வெறுப்பைப் பயிற்சிக் குறைவு என்று பதிந்து, ‘மேலும் பயிற்சி தேவை’ என்று பரிந்துரைத்து ஆய்வேடு முடிந்துவிடும்.

2023 ஜூன் 5 முதல் கேரள மோட்டார் வாகனத் துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வழியாகவும் அபராதம் விதிக்கிறது. மனிதத் தீர்ப்பின் இடம் சுருங்கும் காலத்தில், அந்தத் தீர்ப்பு எப்படி நிகழ்கிறது என்பதே முதற்கேள்வி. ஆய்வாளர்கள் காவல் நிலையத்தில் படிவம் கொடுப்பதை நிறுத்திச் சாலையோரத்தில் நிற்க வேண்டும். விதித்த அபராதங்களோடு, எந்தக் கருவியிலும் பதிவாகாத எச்சரிக்கைகளையும் எண்ண வேண்டும். காவலரின் பெயர் அவருடைய அதிகாரிக்கு எட்டாது என்ற உறுதியைத் தந்த பின்னரே அவரிடம் கருத்துக் கேட்க வேண்டும்.