பட்டாவில் இல்லாத மணல்

போன வாரம் லாங் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் நின்றிருந்தேன். வீட்டு மாடிப்படியில் கொஞ்சம் பூச்சு வேலை. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் ஆற்று மணல் கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் மறந்துடுங்க சார். எம்-சாண்ட் தான்."

பாலாறு ஓடும் ஊரில் இப்படி ஒரு பதில். அந்த மணல் இல்லாமல் போனதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

நான் சர்வேயராக இருந்தவன். தொண்ணூறுகளில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நாலு ஏக்கர் நிலத்தை மனைகளாகப் பிரிக்க அளந்தேன். அங்கே ஒரு பழைய கிணறு. எட்டிப் பார்த்தால் மேலே மூணடி வண்டல், அதற்குக் கீழே முழுக்க மணல். சங்கிலி பிடித்த பெரியவர், "இது பழைய ஆறுங்க சார்" என்றார். அவர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. பாலாறு இடம் மாறிய ஆறு. கொசஸ்தலையாற்றுக்கே விருத்த க்ஷீர நதி, அதாவது கிழட்டுப் பாலாறு என்று ஒரு பழம்பெயர் உண்டு. நான் தலையாட்டிவிட்டு, புலப்படத்தில் கிணற்றை ஒரு வட்டமாகப் போட்டேன். மணலைக் குறிக்க அந்தப் படத்தில் இடமில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மணல் கொள்ளையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மணலைப் புதைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மணல் சட்டப்படி ஒரு சிறு கனிமம். 1957-ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டமும் தமிழ்நாட்டின் 1959 விதிகளும் அதை எப்படி எடுப்பது என்று சொல்கின்றன. மேலே வீடு கட்டுவதற்கு 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம். நிலம் ஒன்று, பார்க்கும் துறைகள் இரண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு லேஅவுட்டுக்காக அந்த இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் உள்ளூர்த் திட்டப் படத்திலேயே கனிமம் இருக்கும் இடங்களைக் கோடு போட்டு ஒதுக்குகிறார்கள். அங்கே வீடு கட்ட வருபவர் கீழே இருக்கும் மணலையும் ஜல்லியையும் என்ன செய்யப் போகிறார் என்று முதலில் பதில் சொல்ல வேண்டும். முடிந்தால் எடுத்துவிட்டுக் கட்டு என்பதும் அதில் உண்டு.

"கோடு போட்டால் நாளைக்குக் குவாரிக்காரன் வந்து நிற்பான்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம். 2023 ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதை டிவியில் பார்த்தோம். நிலம் எப்போதோ எடுத்தது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். கீழே இருப்பதையும் மேலே இருப்பவரையும் சேர்த்து யோசிக்காவிட்டால் கடைசியில் அப்படித்தான் முடியும். டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று ஒரு சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் அந்தப் பக்கத்து நிலக்கரி ஏலம் கைவிடப்பட்டதற்கு அந்தச் சட்டமும் ஒரு பலம். கோடு என்பது தோண்டுவதற்கு உத்தரவு இல்லை. தோண்டாமல் இருக்கவும் கோடு வேண்டும்.

பாலாற்று மணலுக்கு இது ரொம்பப் பொருந்தும். அதன் பெரிய உபயோகம் சிமெண்டில் கலப்பது இல்லை, தண்ணீரைப் பிடித்து வைப்பது. மணலின் கன அளவில் கால் பங்குக்குக் குறையாமல் இடைவெளிதான். அங்கேதான் தண்ணீர் தங்குகிறது. ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த நம் முன்னோருக்கு இதை யாரும் பாடம் எடுக்கவில்லை.

கட்டிய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. கடன் வாங்கி மனை வாங்கியவர் மேல் என்ன தப்பு? இனிமேல் வரும் லேஅவுட்டுக்கு மட்டும் கேட்கிறேன். 2019-ல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் மாஸ்டர் பிளான் போடும்போது, கீழே மணலா, களிமண்ணா, பாறையா என்று ஒரு படம் சேர்க்கட்டும். பெரிய செலவு இல்லை. போர் போடுகிறவர்களிடமும் கிணறு வெட்டிய கிழவர்களிடமும் கேட்டாலே பாதிப் படம் வந்துவிடும். அந்தக் கிழவர்கள் போவதற்குள் கேட்க வேண்டும்.

நான் அளந்த இடத்துக்குப் போன மாதம் போனேன். கிணறு மூடி, அதன் மேல் கார் ஷெட். தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. புலப்படத்தில் நான் போட்ட வட்டம் மட்டும் இன்னும் இருக்கும். அதன் பக்கத்தில் 'மணல்' என்று மூன்று எழுத்து எழுதியிருக்கலாம்.