கீரைக்கட்டை அவிழ்க்கும் கை

நங்கநல்லூரில் 32 அடி உயர ஆஞ்சநேயரைச் சேவிக்க வரும் பிள்ளைகள் பலருக்குப் பால் என்றால் பாக்கெட்தான். கன்று ஈன்ற பசுவே பால் சுரக்கும், முதற்பங்கு கன்றுக்கே உரியது என்பதைப் பெரியோர்தாம் சொல்ல வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று அகத்திக்கீரை அளிக்கும் வேளை அதற்கு ஏற்றது. பசு இரையை அவசரமாக விழுங்கி, பின்னர் படுத்து அசைபோடும். அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. கீரையோடு விழுங்கிய பிளாஸ்டிக் பை செரிக்காமல் முதல் அறையிலேயே தங்கி, நாளடைவில் உயிரையே பறிக்கக்கூடும்.

ஆகவே, கீரைக்கட்டைக் குழந்தையே அவிழ்க்கட்டும். கட்டிய கயிற்றையும் பையையும் வீட்டிற்கு எடுத்து வரட்டும். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர் மனுநீதிச் சோழனின் வரலாற்றை அன்றிரவு சொன்னால், அது குழந்தையின் நெஞ்சில் நிற்கும்.